பூரிக்கட்டை அம்மாவின் கேள்வி

பட்டிமன்றப் பேச்சாளர் செந்தமிழ்செல்வனுக்கு மனைவி ஒருத்திதான். ஆனால் அவர் பேச்சைக் கேட்டவர்கள் வேறொருத்தியை நம்பிக்கொண்டிருந்தார்கள். மேடையில் அவர் சொல்லும் மனைவி பூரிக்கட்டையால் அடிப்பாள், சம்பளக் கவரைப் பிடுங்கிக்கொள்வாள். அவள் வைத்த ரசத்தைக் குடித்த நாய் அந்தத் தெருவையே விட்டு ஓடிப்போகும். வீட்டில் இருந்தவள் காயத்ரி. திருப்பாதிரிப்புலியூரில் கரண்ட் பில் கட்டும் கவுன்ட்டரில் வேலை. வீட்டில் பூரிக்கட்டை இருந்தது உண்மைதான், ஆனால் அதைப் பிடிக்கத் தெரிந்தவர் செந்தமிழ்செல்வன் மட்டும்தான். வாத்தியார் வேலை முடிந்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்தான் சமைப்பார். காயத்ரி அடுப்படி வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தான் படிக்கும் நாவலின் கதையை அவருக்குச் சொல்வாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவர் உம் கொட்டுவார், நல்ல இடங்களை மேடைக்கும் எடுத்துக்கொள்வார்.

மனுஷன் கெட்டவர் இல்லை. கைதட்டல் ருசி கண்டவர், அவ்வளவுதான். ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் மனைவியைப் பற்றி ஒன்று எடுத்துவிட்டார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த ஊரில் இரண்டாக எடுத்துவிட்டார். பண்ருட்டி, திட்டக்குடி என்று அவர் போகாத ஊர் இல்லை. போன ஊரெல்லாம் பூரிக்கட்டையும் கூடவே போனது. கவுன்ட்டரில் பணம் கட்ட வருகிறவர்கள்கூட, பில் கட்ட லேட்டானால் பூரிக்கட்டை வருமா என்று கேட்டுவிட்டுத்தான் மீதிச் சில்லறையை வாங்குவார்கள். காயத்ரியும் சிரித்து வைப்பாள்.

அந்த வருஷம் மாவட்டத்து வாசகர் வட்டம் ஒன்று இரண்டு நாள் இலக்கியத் திருவிழா நடத்தியது. சனிக்கிழமை கடலூரில் எழுத்தாளர் சந்திப்பு, ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் பட்டிமன்றம். செந்தமிழ்செல்வனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய நாள். நடுவர் உத்திராபதி தீபாவளிக்கு டிவி பட்டிமன்றத்துக்கு ஆள் எடுக்கிறார் என்று பேச்சு. காயத்ரிக்கோ சனிக்கிழமைதான் பெரிய நாள். அவள் இரண்டு தடவை படித்த நாவலை எழுதிய மோகனப்பிரியா நேரில் வருகிறார். தெருத்தெருவாக மீன் விற்கும் இருசம்மாள் என்பவளின் கதை அது. அதன் கடைசி அத்தியாயத்தைப் பற்றிக் கேட்க காயத்ரியிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒரு வாரமாக அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரிடமும், கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மோகனப்பிரியா பேசி முடித்ததும் கேள்வி நேரம் வந்தது. காயத்ரி கையைத் தூக்கினாள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர் நிகழ்ச்சித் தொகுப்பாளர் பொன்னுரங்கம், செந்தமிழ்செல்வனின் நெடுநாள் கூட்டாளி. அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மைக்கை அவளிடம் கொடுக்காமல் தன் வாய்க்கே கொண்டுபோனார்.

"இவுங்க யாருன்னு தெரியுதா? நம்ம செந்தமிழ்செல்வன் சாரோட பூரிக்கட்டை அம்மா. எல்லாரும் தலைய பாத்துக்குங்க."

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த செந்தமிழ்செல்வன் எழுந்து, மாப்பிள்ளை மாதிரி நாலு பக்கமும் கும்பிட்டார். மோகனப்பிரியா வெளியூர்க்காரர், ஒன்றும் புரியாமல், எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவரும் புன்னகைத்தார். மைக் கைக்கு வந்தபோது காயத்ரிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்றுமில்லை, நாவல் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேள்வியை யாரோ கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அன்று சாயங்காலம் அவள் கதை எதுவும் சொல்லவில்லை. வெங்காயத்தைத் தனியாக நறுக்கி முடித்த செந்தமிழ்செல்வன், தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

மறுநாள் காலை சிதம்பரத்துக்கு பாசஞ்சர் ரயிலில் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெட்டியில் கூட்டம் இல்லை. அவர் தன் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பூரிக்கட்டை வரும் இடத்தில் தானாகவே சிரித்துக்கொண்டார். அதற்கு மேல் காயத்ரியால் பொறுக்க முடியவில்லை.

"நேத்து எனக்கு ஒரு கேள்வி இருந்துச்சுங்க" என்றாள்.

"கேட்டிருக்கலாமே. பொன்னுரங்கம் சும்மா தமாஷுக்குத்தான சொன்னான்."

"தமாஷு உங்களுக்கு. இருசம்மா தெருவுல கூடையோட வர்றப்பல்லாம் அவள சொல்லிச் சொல்லி சிரிப்பாங்கல்ல, சொன்னேனே உங்களுக்கு. கடைசியில அவளும் அவுங்களோட சேந்து சிரிக்கிறா. அது சிரிப்பு வந்து சிரிச்சதா, இல்ல சிரிக்கலன்னா நல்லாருக்காதுன்னு சிரிச்சதா? அதத்தான் கேக்கணும்னு இருந்தேன்."

 எந்த ஊர் மேடையிலும் பேச்சு வராமல் நின்றதில்லை என்று பெருமை அடித்துக்கொள்கிறவர், பரங்கிப்பேட்டை தாண்டும் வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். முணுமுணுப்பும் நின்றுபோனது. பேச்சை மனசுக்குள் ஓட்டுகிறார் போலிருக்கிறது என்று காயத்ரி நினைத்துக்கொண்டாள். கேள்வியைக் கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லையே என்ற குறை அவளை விட்டுப் போகவில்லை.

சிதம்பரத்தில் இறங்கி, கத்திரிக்காய் கொத்சு ஊற்றிப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு மண்டபத்துக்குப் போனார்கள். வாசிக்கும் பழக்கத்தை வளர்ப்பது வீடா, பள்ளியா என்பது தலைப்பு. செந்தமிழ்செல்வன், வீடுதான் என்று பேசும் அணியில். பரிசு கொடுப்பதற்காக மோகனப்பிரியா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காயத்ரி வேண்டுமென்றே நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தாள்.

எல்லாரும் எதிர்பார்த்த செந்தமிழ்செல்வன் எழுந்தார். வணக்கம் சொன்னார், சங்க காலத்திலிருந்து ஆரம்பித்தார். அரங்கம் கொட்டாவி விட்டது. உத்திராபதி மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். டிவி வாய்ப்பு கைநழுவிப் போவது மேடையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், பூரிக்கட்டை எங்கே சார் என்று கேட்டது. கூட்டம் கைதட்டியது. காயத்ரி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வருகிறது, இதோ வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"பூரிக்கட்டை எங்கிட்டத்தான் இருக்கு" என்றார் செந்தமிழ்செல்வன். "எங்க வீட்ல சமையல் நான். அவுங்க புத்தகம் படிப்பாங்க. படிச்சத எனக்கு சொல்லுவாங்க. அதைத்தான் நான் ஊர் ஊரா வந்து உங்களுக்கு சொல்றேன்."

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் அப்படி ஒரு சிரிப்பு விழுந்ததில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன் என்றார். இன்னும் ஜாஸ்தி சிரித்தார்கள். உத்திராபதியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். காயத்ரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யைச் சொன்னாலும் சிரிப்பு, மெய்யைச் சொன்னாலும் சிரிப்பு என்றால் ஒரு பொம்பளை எங்கேதான் போவாள்?

 சிரிப்பு மெல்ல அடங்கி, அடுத்தது என்ன என்று எல்லாரும் பார்க்கும் வரைக்கும் செந்தமிழ்செல்வன் காத்திருந்தார். முகத்தில் வேர்வை வழிந்தது.

"நேத்து கடலூர்ல இவுங்க ஒரு கேள்வி கேக்க எழுந்திரிச்சாங்க. கேக்க விடாம சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன், எழுந்து கும்புடு வேற போட்டேன். எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பாக்கி இருக்கு, நடுவர் அவர்களே. அதுல காயத்ரி கேக்கட்டும்."

மைக்கை அவரே இறங்கி வந்து கொடுத்தார்.  காயத்ரி எழுந்து நின்று, மோகனப்பிரியாவைப் பார்த்து, ரயிலில் சொன்னதை அப்படியே கேட்டாள். இந்தத் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

 இந்த நாவலுக்காக எத்தனையோ கூட்டத்துக்குப் போயிருக்கிறேன், இதை யாரும் கேட்டதில்லை என்றார் மோகனப்பிரியா. இருசம்மாள் சிரித்தாள் என்று எழுதினேனே தவிர, ஏன் சிரித்தாள் என்று நானே நின்று பார்க்கவில்லை என்றார். பிறகு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவளையே திருப்பிக் கேட்டார்.

"மொதல்ல நெசமாவே சிரிப்பு வந்திருக்கும் மேடம்" என்றாள் காயத்ரி. "அப்புறம் வலிக்க ஆரம்பிச்சிருக்கும். வலிக்குதுன்னு சொன்னா, ஒரு தமாஷகூட தாங்கமாட்டியாம்பாங்க. அதுக்கு சிரிச்சிட்டு போயிடலாம்னு சிரிச்சிருப்பா."

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து பூரிக்கட்டை கேட்ட குரலும் வரவில்லை. பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு அம்மா கைதட்ட ஆரம்பித்தாள், அது அப்படியே மண்டபம் முழுக்கப் பரவியது. மோகனப்பிரியா தன் நாவலைப் பிரித்து, கடைசி அத்தியாயத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். காயத்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

எல்லாரும் பேசி முடித்த பிறகு உத்திராபதி தீர்ப்புச் சொல்ல எழுந்தார். நெடுநேரம் இரண்டு பக்கமும் தராசு பிடித்துவிட்டு, பள்ளியே வென்றது என்றார். வீட்டின் அணியில் இருந்தவர்கள் முகம் தொங்கிப்போனது.

"காரணத்த சொல்லிடறேன்" என்றார் உத்திராபதி. "வீட்டின் அணியில ஒரே ஒருத்தர்தான் உருப்படியா பேசினாங்க. அவுங்க மேடையில இல்ல, கீழ உக்காந்திருக்காங்க. மார்க்கு போட வழியில்ல. ஆனா தீபாவளிக்கு டிவிக்கு அவுங்களத்தான் கூப்பிடறதா இருக்கேன். சார் விருப்பப்பட்டா சமையலுக்கு கூட வரலாம்."

மேடையில் செந்தமிழ்செல்வன் திருதிருவென்று விழித்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஒரு கை அந்தரத்தில் நின்றது. அந்த முகத்தைப் பார்த்ததும் காயத்ரிக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மேடையிலிருந்து செந்தமிழ்செல்வன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதற்காகச் சிரிக்கிறாள் என்பதில் அவருக்கு இந்தத் தடவை சந்தேகமே இல்லை.