ஒரு நாள் முன்தேதி

நீர்க் கழகத்தின் இயக்குநர் லிவியு நெகுலிச் தன் உத்தியோகத்தில் ஒரு உத்தரவைக்கூட அறைக்குள் வைத்துக் கொடுத்ததில்லை. அறைக்குள் அவர் முத்திரை மட்டும்தான் குத்துவார். உத்தரவெல்லாம் மூன்றாம் மாடிப் பால்கனியில், ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் காபியுமாக, டான்யூப் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வாய்வழியாக வரும். காகிதத்தில் ஏறாத வார்த்தைக்கு யாரும் கணக்குக் கேட்க முடியாது. லுங்கா வேக்கே ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். ஒட்டீலியா பர்சானுக்கும் தெரியும். தெரிந்தும் பத்தொன்பது வருஷம் அந்தப் பால்கனிக்குப் போய் நின்றாள், அதுதான் அவள் செய்த முட்டாள்தனம்.

கழகத்தின் கணினிகளுக்கு அவள்தான் பொறுப்பு. ஊர்த் தண்ணீரை ஏற்றி இறக்கும் பம்புகளும் வால்வுகளும் அலுவலக நிலவறையில் ஓடும் ஆறு சர்வர்களின் பேச்சைத்தான் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு முன் எங்கோ ஓர் ஊரில் எவனோ திருடன் உள்ளே புகுந்துவிட்டான் என்று, நாடு முழுக்க இப்படிப்பட்ட சர்வர்களை இணையத்திலிருந்து வெட்டிவிடச் சொல்லி ஆணை வந்தது. வெட்டினார்கள். திருடன் வரும் வழி போனது, கூடவே நல்லது வரும் வழியும் போனது. 'நான்தான் அசல் சர்வர்' என்று ஒவ்வொரு சர்வரும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் அதுவரை வெளியிலிருந்து தானாகப் புதுப்பிக்கப்பட்டு வந்தது. இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒட்டீலியாவே நிலவறைக்குப் போய், வருகைப் பதிவேட்டில் நேரம் எழுதி, கையால் செய்து ஏற்ற வேண்டும். செய்த அமர்விலேயே ஏற்றிவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது என்பது விதி.

வெட்டிய மாதமே ஒரு மின்தடை. மின்சாரம் திரும்பி வந்தபோது நிலவறைக் கடிகாரம் ஏழு மணி நேரம் பின்தங்கி நின்றது. சரியான நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அதற்கு வெளியுலகம் இல்லை. கையால் திருத்தலாம்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும், நிறுத்த இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நிறுத்தினா ஏன் நிறுத்தினன்னு மேலிடத்துல கேப்பான். ஏழு மணி நேரம் எங்க போச்சுன்னு கேப்பான். எதுக்கு வம்பு, சம்பந்தி?" என்றார் நெகுலிச், பால்கனியில். "சான்றிதழை ஒரு நாள் முன்தேதி போட்டு ஏத்திடு. மெஷினுக்கு என்ன தெரியும்? பம்ப் ஸ்டேஷன்ல ஃபனிக்கா கிட்டயும் சொல்லிடு. ஸ்கிரீன்ல என்ன மணி காட்டுதோ அதையே புத்தகத்துல எழுதட்டும். ரெண்டும் ஒத்துப் போகணும்."

சம்பந்தி என்றால் வாய்வார்த்தைக்கு இல்லை; அந்த ஊரில் ஞானத்தகப்பனும் பிள்ளையைப் பெற்றவர்களும் ஒருவருக்கொருவர் சம்பந்திதான். ஒட்டீலியாவின் மகள் இலிங்காவுக்கு நெகுலிச்தான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையை ஏந்தி நின்றவர், ஒரு வயதில் அதன் உச்சிமுடியை முதலில் கத்தரித்தவர், வருகிற செப்டம்பரில் அவள் கல்யாணத்தில் மெழுகுவத்தி பிடிக்கப் போகிறவர். மேலதிகாரியை ஞானத்தகப்பனாக்கினால் பிள்ளைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒட்டீலியாவும் அவள் புருஷனும் செய்த ஏற்பாடு.

ஒட்டீலியா ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. கடிகாரத்தைத் திருத்த வேண்டும் என்று மூன்று தடவை விண்ணப்பம் எழுதிப் பதிவகத்தில் கொடுத்தாள். மூன்று தடவையும் பதிவு எண் விழுந்தது. மூன்று தடவையும் பால்கனிக்கு அழைப்பு வந்தது. "குடும்பத்துக்குள்ளயே காகிதம் குடுத்துக்குவாங்களா?" என்று அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவளும் மனசு கேட்காமல் கீழே போய், 'என் விருப்பத்தின்பேரில் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று மூன்று முறையும் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் மாதம் புக்கரெஸ்டிலிருந்து தணிக்கை அதிகாரி வந்தாள். ருக்ஸாந்திரா பவெல் என்று பெயர். சத்தம் போடாதவள், சொந்த ஃபிளாஸ்கில் டீ கொண்டுவந்தவள், யாரிடமும் ஒரு பிஸ்கட்கூட வாங்காதவள். காலை ஒன்பதுக்கு நெகுலிச்சின் அறையில் உட்கார்ந்து இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"எட்டு தடவ சான்றிதழ் போட்டிருக்கீங்க. எட்டும் நீங்க நிலவறைக்குள்ள போறதுக்கு முந்தின நாளே பிறந்திருக்கு. எப்படிம்மா?"

ஒட்டீலியா நேராகச் சொன்னாள். "கீழ கடிகாரம் ஏழு மணி நேரம் பின்னாடி ஓடுது மேடம். இந்த நேரம் போட்டு ஏத்தினா, 'இது இன்னும் பிறக்கவே இல்ல'ன்னு மெஷின் தள்ளிடும். அதான் ஒரு நாள் முன்னாடி போட்டேன்."

"கடிகாரத்தைச் சரி பண்ணணும்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"மூணு தடவ."

பதிவகத்துப் பதிவேடு வந்தது. பவெல் விரலை வைத்து வைத்துப் படித்தாள். "மூணையும் நீங்களே திரும்ப வாங்கியிருக்கீங்க. அப்போ கோப்புப்படி கடிகாரத்துல குறை இல்ல. முன்தேதி போட்டது மட்டும் இருக்கு. அரசாங்க ஆவணத்துல அதுக்கு என்ன பேருன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். மோசடி. வேலை போகும், இனி எந்த அலுவலகத்திலும் அவள் கையெழுத்து செல்லாது. பத்தொன்பது வருஷம் ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவள் திருட்டுக் கையெழுத்துக்காரி ஆவாள். ஒட்டீலியா நெகுலிச்சைக் கையால் காட்டினாள்.

"திரும்ப வாங்கிக்கச் சொன்னது டைரக்டர் சார். முன்தேதி போடச் சொன்னதும் அவர்தான். இதோ பக்கத்துலயே இருக்கார், கேளுங்க."

நெகுலிச் எழுந்து நின்று கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"மேடம், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. இவங்க என் சம்பந்தி. இவங்க பொண்ணுக்கு நான் ஞானத்தகப்பன். நான் ஆமாம்னாலும் இல்லன்னாலும் சொந்தக்காரன் பேசினதா ஆகிடும். இந்த விஷயத்துல நான் வாயைத் திறக்கறது நியாயமில்ல. விலகிக்கறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பவெல் தலையசைத்து அதைக் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு முதன்முதலாக அவள் முகத்தில் மரியாதை தெரிந்தது, அதுவும் அந்த மனுஷன்மேல். எந்த உறவைச் சொல்லி மூன்று காகிதத்தைத் திரும்ப வாங்க வைத்தாரோ அதே உறவைப் போர்த்திக்கொண்டு ஆள் தப்பித்துவிட்டார். ஒட்டீலியாவுக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய் அந்தப் பொத்தானைப் பிய்த்து எறிய வேண்டும் என்றுதான் வந்தது.

"பழசை எடுத்திட்டு, சரியான நேரம் போட்ட சான்றிதழை இப்பவே ஏத்துங்க. நான் கூட வர்றேன்" என்றாள் பவெல்.

"ஏத்தினா, கீழ கடிகாரம் அந்த நேரத்தை எட்டற வரைக்கும், சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும், பம்ப் ஸ்டேஷன்ல ஒண்ணும் தெரியாது மேடம்."

"எழுத்துல குடுங்க. எண் போட்டு வந்தா படிக்கறேன்."

பதிவகம் பத்து மணிக்கு மூடிவிடும். நிலவறையில் ஏற்றி முடித்தபோது மணி பத்து பத்து. பவெல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வருகைப் பதிவேட்டில் நேரத்தை எழுதினாள். நெகுலிச் அவளை ஆற்றங்கரைக்கு மீன்சாறு சாப்பிட அழைத்தார். தன் காசுக்குத்தான் சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

ஒட்டீலியாவின் போன் அடித்தது. பம்ப் நிலையத்திலிருந்து ஃபனிக்கா.

"இன்ஜினியரம்மா, ஸ்கிரீன் செவசெவன்னு நிக்குது. 'இதை நம்பாதே'ங்குது. தன்னைச் சொல்லுதா, என்னைச் சொல்லுதா?"

"தன்னைத்தான் அண்ணே. மேல்தொட்டியில எவ்வளவு இருக்கு?"

"வெயில் காலம். ஊரே குளிக்குது. பன்னெண்டு மணிக்குக் காலி."

அவள் பழைய காரை எடுத்துக்கொண்டு போனாள். பம்ப் நிலையத்தில் சக்கரம் வைத்த மூன்று வால்வுகள். ஸ்கிரீன் இல்லாவிட்டால் கையால்தான் திருப்ப வேண்டும்: ஒன்றைத் திறந்து, அளவுக்கோலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, அடுத்ததை மூடி, மறுபடி முதல் ஒன்றுக்கு. ஃபனிக்காவுக்கு வயது அறுபத்து நாலு, முழங்கால் இரண்டும் போய்விட்ட ஆள். இருவருமாக மாற்றி மாற்றித் திருப்பினார்கள். ஒரு மணிக்கெல்லாம் அவள் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

ரொட்டியும் உப்புப் பாலாடைக்கட்டியும் வெங்காயத்தாளும் எடுத்து வைத்தான் ஃபனிக்கா.

"விட்டுத் தொலைங்கம்மா. ரெண்டு மணி நேரம் ஊர் காயட்டும். அந்தக் கோட்டுக்காரன் வீட்டுக் குழாயும் காயட்டும். அப்பத்தான் நீங்க சொன்னது நெசம்னு உறைக்கும்."

ஒட்டீலியா யோசிக்காமல் இல்லை. உண்மையைச் சொல்லப்போனால் நன்றாகவே யோசித்தாள், அளவுக்கோல் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே. தொட்டி காலியானால் போதும். ஊரே அவளுக்குச் சாட்சி.

"தொட்டிக்கு நேர் கீழ பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு அண்ணே" என்று சொல்லி எழுந்தாள்.

"அதான் உங்ககிட்ட இருக்கற வியாதி" என்றான் அவன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி. "நவம்பர்ல எனக்குப் பென்ஷன். அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரி காஞ்சாலும் தூண்டிலைப் போட்டுட்டு உக்காந்திருவேன், பாருங்க."

அரைமணிக்கு ஒருமுறை அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பணிப் புத்தகத்தில் எழுதினான். அவள் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பேனா ஓடும் சத்தம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு இடத்திலாவது இது காகிதத்தில் ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து பத்துக்கு ஸ்கிரீன் தானாகப் பச்சையானது. யாரும் எதையும் தொடவில்லை. ஊரில் ஒரு குழாயும் நிற்கவில்லை. ஒட்டீலியா தரையில் உட்கார்ந்து கையைக் குளிர்ந்த குழாயில் வைத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு, ரயிலுக்குப் போகிற வழியில், பவெலும் நெகுலிச்சும் உள்ளே வந்தார்கள். நெகுலிச்சிடம் பூண்டு வாசனை.

"பாத்தீங்களா மேடம், ஒழுங்காப் போட்டா ஒழுங்கா வேலை செய்யுது" என்றார் ஸ்கிரீனைக் காட்டி.

ஃபனிக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஒழுங்கா? காலையிலேருந்து ஏழு மணி நேரம் செத்துக் கெடந்துச்சு! இந்தம்மா கையைப் பாருங்க. வாய்ல சொன்னா நம்ப மாட்டீங்க, இந்தாங்க, எழுத்துல இருக்கு, படிங்க!" பணிப் புத்தகத்தைப் பவெல் கையில் திணித்தான்.

பவெல் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். பையிலிருந்து காலைக் குறிப்பை எடுத்து ஒத்துப் பார்த்தாள்.

"மூணு பத்துக்கு ஸ்கிரீன் சிவப்பாச்சு. பத்து பத்துக்குப் பச்சையாச்சு. அப்படித்தானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா" என்று ஆரம்பித்த ஃபனிக்காவின் வாய் திறந்தபடியே நின்றது.

ஒட்டீலியாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு வருஷமாக ஸ்கிரீன் காட்டும் மணியையே எழுதிப் பழகிய கை. ஸ்கிரீன் சிவந்து மணி மறைந்ததும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஏழைக் கழித்து, பொறுப்பாக எழுதியிருக்கிறது.

"சரியான சான்றிதழை நான் ஏத்த வெச்சது பத்து பத்துக்கு" என்றாள் பவெல். அவள் குரலில் கோபமே இல்லை. "அதுக்கு முன்னாடி ஏழு மணி நேரம், உங்க முன்தேதிச் சான்றிதழ் இருந்தப்போ, ஸ்கிரீன் செத்துக் கிடந்திருக்கு. மாத்தின நிமிஷம் உயிர் வந்திருக்கு. இந்தப் புத்தகம் அதைத்தான் சொல்லுது."

"அய்யோ, இல்ல மேடம், அது நான் கழிச்சு..."

பவெல் கையை உயர்த்தினாள். "ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுப் பதில் சொல்லுங்க. இந்தப் புத்தகத்துல இருக்கற நேரம் உண்மையா, இல்லையா? இல்லன்னா நீங்களும் அரசாங்கப் புத்தகத்துல பொய் நேரம் எழுதியிருக்கீங்க. அதையும் நான் எழுதியாகணும்."

ஃபனிக்கா நெகுலிச்சைப் பார்த்தான். நெகுலிச் சிகரெட்டை எடுத்து, பற்றவைக்காமல், ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டீலியா ஃபனிக்காவின் முழங்காலைப் பார்த்தாள். நவம்பர் வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"நேரம் சரிதான் மேடம்" என்றாள் அவள். "அவர் சரியாத்தான் எழுதியிருக்கார்."

ஃபனிக்கா கண்ணாடியைக் கழற்றினான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். பவெல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவையும் தந்தாள். கொப்பளித்த கையில் பேனா சரியாக நிற்கவில்லை. அப்படியும் இப்படியுமாக ஒட்டீலியா கையெழுத்தைப் போட்டாள்.

"தேதியும் போடுங்கம்மா."

"இன்னிக்குத் தேதியா?" என்று கேட்டாள் ஒட்டீலியா.

பவெல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவள் இன்றைய தேதியையே போட்டுக் கொடுத்தாள்.