மொட்டைப்பாறைக்கு வந்த சுத்தியல்

சுத்தியல் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். பக்கத்துக் குவாரியில் வெடி வைத்து வைத்து எங்கள் வீட்டுச் சுவரே பிளந்துவிட்டது. அடுத்து என் தக்காளித் தோட்டத்தை ஒட்டிய மொட்டைப்பாறைதான். சர்க்கார் இடம்தான், ஆனால் என் தோட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அதைத் தோண்டினால் கிணறு வற்றிவிடும். அப்புறம் சாந்திபுரத்தில் எங்களுக்குப் பிழைப்பில்லை.

குவாரிக்காரன் முதலில் ஒரு துண்டு கேட்டு வருவான், பாலிஷ் போட்டுப் பார்க்க. நானும் லேசுப்பட்டவள் இல்லை. பலமனேர் ரோடு போட்டவர்கள் கொட்டிவிட்டுப் போன செத்த கல் கொஞ்சம் கொட்டகையில் வைத்திருக்கிறேன். அதிலும் மொட்டைப்பாறை மாதிரியே சிவப்புப் புள்ளி உண்டு. "இதாம்ப்பா மொட்டப்பாறை" என்று கொடுப்பேன். பாலிஷில் உதிரும். வந்தவன் திரும்ப வர மாட்டான்.

அப்படித்தான் பிரித்திகாவும் சுத்தியலோடு வந்தாள். நகரி ஊர்ப் பெண், திருப்பதியில் கல் ஆராய்ச்சி படிக்கிறாளாம்.

"குவாரிக்காரன் அனுப்ச்சானா?" என்றேன்.

"ஐயோ, இல்லக்கா. இந்தச் செவப்புப் புள்ளி கார்னெட்டுங்கிற மணிக்கல்லு. முப்பது கிலோமீட்டர் ஆழத்துல வெந்த கல்லு. மேல பெரிய மலை இருந்துச்சு. மழையும் ஆறும் அதக் கரைக்கக் கரைக்க, பாரம் கொறைஞ்சு அடிக்கல்லு மேல வந்துக்கினே இருந்துச்சு."

"யாரும் தூக்காமயே?"

"ஆமாக்கா. கோடிக்கணக்கான வருஷமா."

அடியம்மா, என்ன புளுகு! யார் காதில் பூ சுற்றுகிறாள்?

"நீ தோட்டத்த மெதிக்காத. நானே ஒடச்சிக் குடுக்கிறேன்" என்று சொல்லி, கொட்டகைக் கல்லைக் கொடுத்தனுப்பினேன். பாவம், நம்பி வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது.

"தாட்சாயணி அக்கா, அது அபூர்வமான பாறை, தொடக் கூடாதுன்னு எங்க சார் கோர்ட்டுல மனு போட்டிருந்தாரு. நீங்க குடுத்த கல்லோட ரிசல்ட் உங்க ஊருக்கே சம்பந்தமில்லாம வந்துடுச்சு. குவாரி வக்கீல் அதையே காட்டி மனுவத் தள்ள வெச்சுட்டான்."

காப்பாற்ற வந்தவளையா திருடியாக நினைத்தேன், பாவி! குவாரி ஆட்கள் வேலி போட வருவதற்குள் மொட்டைப்பாறையில் ஒரு துண்டு உடைத்துக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினேன். அவள் காலேஜில் எல்லாவற்றையும் சொல்லி அழுது, கல்லை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது மட்டும் அங்க ஒடச்சதுன்னு யாருக்கா சாட்சி?"

"நான்தாம்மா சொல்றேனே."

"போன தடவையும் நீங்கதானக்கா சொன்னீங்க."