ஞாயிற்றுக்கிழமைப் படம்

மருந்துக்கடையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. வருகிறவர் முகத்தைப் பார்த்ததுமே இன்னார், இன்ன மாத்திரை என்று சொல்லிவிடுவாள். சீட்டு சும்மா சரிபார்க்கத்தான். அப்படிப்பட்டவளுக்குப் பெற்ற மகளின் முகம் எங்கே போனதென்று தெரியாமல் போனதுதான் கூத்து.

கணவர் கப்பலில் சமையல்காரர். எட்டு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. மகள் சிட்டு பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் ஒரு படம் அவருக்குப் போகும். எடுப்பவள் அம்மா. பதினோரு வயதில் சொந்தமாகப் போன் வந்ததும் சிட்டு அதைத் தன் பொறுப்பாக்கிக்கொண்டாள். வேலை மிச்சம் என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

இரண்டு வருடமாகப் போன் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் இறங்காது. குளியலறைக்குள்ளும் அது கூடவே போகும். முப்பது படம் எடுப்பாள், இருபத்தொன்பதை அழிப்பாள். மிஞ்சியதிலும் கன்னத்தை வழவழப்பாக்கி மூக்கைச் சுருக்குவாள். அம்மா திட்டிப் பார்த்தாள், பிடுங்கி அலமாரியில் பூட்டிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

போன ஞாயிறு கணவர் கூப்பிட்டார். கப்பலில் தன் படுக்கைக்கு மேலே ஒட்ட ஒரு படம் வேண்டுமாம். "இப்ப வர்றதெல்லாம் யாரோ பொம்மை மாதிரி இருக்கு. எனக்கு என் பொண்ணு வேணும்," என்றார்.

ஸ்பீக்கரில் கேட்ட சிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள், அப்பா ஊருக்கு வரும்போது, தான் சித்தி வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். நாள் எண்ணிக் காத்திருந்து, அப்பா செருப்பைக் கழற்றுமுன் தோளில் ஏறுகிற பிள்ளை அது.

அலமாரியின் அடித்தட்டில் அம்மாவின் பழைய போன் கிடந்தது. சார்ஜரில் அரைமணி நேரம் கிடந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. எவ்வளவு அழகான பிள்ளை நீ என்று காட்டிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

சோப்பு நுரையைக் கிரீடமாக வைத்த நாலு வயதுச் சிட்டு. முன்பல் போன ஐந்து வயதுச் சிட்டு. வீட்டுக்குள் குடை பிடித்து நிற்கிற ஆறு வயது. அப்போதெல்லாம் ஒரே ஒரு படம்தான். கண்ணை மூடியிருந்தாலும் அதுவே அப்பாவுக்குப் போகும். அந்த ஞாயிறுகளில் ஒன்றாவது திரும்பி வராதா என்று அம்மா ஏங்கினாள்.

அடுத்து ஒரு வீடியோ. சிட்டு போனைப் பிடுங்கி அம்மா பக்கம் திருப்புகிறாள். "நீயும் வாம்மா. அப்பாவுக்கு நீயும் வேணும்." ஒரு கை குறுக்கே வந்து மறைக்கிறது. "என் மூஞ்சியா? இந்த மூக்கை வெச்சுக்கிட்டா? அழிச்சுடு, அழிச்சுடு." கூடவே அம்மாவின் சிரிப்பு. அடுத்ததிலும் அதே கை, அதே பேச்சு. ஐந்தாவதில் பிள்ளை அதைப் பாட்டாகவே பாடியது: அம்மா மூக்கு அசிங்கம், அம்மா வரமாட்டா.

அம்மா அவசரமாகப் போனை அணைக்கப் போனாள்.

"எனக்கும் அதே மூக்குதானேம்மா," என்றாள் சிட்டு. குரலில் கோபம் இல்லை.

அம்மாவை உரித்துவைத்திருக்கிறாள் என்று பார்க்கிறவரெல்லாம் சொல்வார்கள். அப்போதெல்லாம் பூரித்துப்போனவள்தான் இவள். பழியெல்லாம் போன்மேல் போட்டவளுக்கு இப்போது அவமானமாக இருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு காலை அம்மாவே படம் எடுக்கச் சிட்டுவைக் கூப்பிட்டாள். தலைகூட வாரவில்லை. மகள் தோளை ஒட்டி நின்றுகொண்டு, ஒரே படம், எதையும் மாற்றக்கூடாது என்றாள்.

சிட்டு எடுத்துக் காட்டினாள். அம்மாவுக்கு 'அழிச்சுடு' என்ற பழைய வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

"நல்லா இருக்கோம். அனுப்பு," என்றாள்.

சிட்டுவின் விரல் தயங்கி நின்று, பிறகு அழுத்தியது. பதில் வரும்வரை இருவரும் அசையவில்லை.

"ரெண்டு மூக்கும் பத்திரமா வந்து சேர்ந்துச்சு. இதைத்தான் ஒட்டப்போறேன்," என்று வந்தது.

சித்தி வீட்டுக்குப் போகிற பேச்சை அதன்பிறகு சிட்டு எடுக்கவில்லை.