ஒரு சிப்பிக்கு எத்தனை ஓடு

மூன்றாவது மாடியில் சல்லடையாரின் அறை. அதில் அவரைத் தவிர இருநூற்று இருபது கண்ணாடி ஜாடிகளும், உட்கார்ந்தால் துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் சங்கூதிப் பதில் சொல்லும்படி கிறீச்சிடும் ஒரு நாற்காலியும் உண்டு. துறைமுக வாயில் கடலடிச் சேற்றை அள்ளிவந்து, சலித்து, சிப்பிகளை எண்ணி, படிவத்தில் மொத்தம் எழுதுவது அவர் வேலை. பதினோரு வருஷமாக அங்கே காற்றுகூட அனுமதி கேட்டுத்தான் நுழையும். மனிதர்கள் நுழைவதேயில்லை.

அன்று ஆய்வாளர் மேடம் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"சார், சிப்பிக் கணக்கோட இருபத்திரண்டு வருஷக் கோடு இது. நடுவுல பாருங்க, தொபுக்கடீர்னு பாதியா விழுது. அந்த வருஷம் ஆத்து வெள்ளமும் வந்துச்சு, தூர்வாருற கப்பலும் வந்துச்சு. எதால விழுந்துச்சுன்னு நாளைக்குக் கூட்டத்துல கேப்பாங்க."

"கப்பல்தான் மேடம். வெள்ளத்துல செத்தது மூணே வருஷத்துல திரும்பிடும்."

"அதே வருஷந்தான் நீங்களும் வந்தீங்க."

சல்லடையாருக்கு முன்னால் எண்ணியவர் அவர் மனைவியின் அண்ணன். சிப்பிக்கு இரண்டு ஓடு. ஸ்பிரிட்டில் ஊறினால் பிரிந்துவிடும். சல்லடையார் ஜோடி சேர்த்து ஒன்று என்று எழுதுவார். மச்சான் ஓட்டுக்கு ஒன்று போட்டிருந்தால்? கடலில் ஒன்றும் சாகவில்லை. ஆள் மாறியதில்தான் பாதி செத்திருக்கிறது. கடலின் அழிவுக்கு ஒற்றைச் சாட்சி என்று நினைத்திருந்தவர் வெறும் எழுத்துப்பிழையாகிவிடுவார்.

மச்சானைக் கேட்கலாம்தான். பேசி ஒன்பது வருஷம். மனைவி இறந்துபோன அன்று, "என் தங்கச்சி ஆஸ்பத்திரில கிடந்தப்ப நீ சிப்பி எண்ணிட்டிருந்த" என்று நாலு பேர் முன்னால் சொன்னவர். அது பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ சமாதானமாகியிருப்பார்கள்.

மேடம் போனதும் போனை எடுத்தார். நங்கூரமாய்க் கனத்தது.

"யாரு?"

"நான்தான் மச்சான்."

"உயிரோடதான் இருக்கியா மாப்ள?"

"ஓடு பிரிஞ்ச சிப்பிய நீங்க ஒண்ணுன்னு எழுதுனீங்களா, ரெண்டுன்னா?"

"ஒன்பது வருஷம் கழிச்சு கேக்குற கேள்வியாடா இது?"

"சொல்லுங்க மச்சான்."

"ரெண்டுதான். எண்ணத்தான் சொன்னாங்க, ஜோடிப் பொருத்தமா பாக்கச் சொன்னாங்க?"

சல்லடையார் மச்சானின் பழைய ஜாடி ஒன்றைத் திறந்தார். ஓடுகளை மேசையில் பரப்பி, இடது வலது பார்த்து, விளிம்போடு விளிம்பு பொருத்தினார். நூற்று நாற்பது ஓடு, எழுபது சிப்பி. போன மாதம் அதே இடத்துச் சேற்றில் அவர் எண்ணியதும் எழுபது. கோடு விழவேயில்லை.

தன் போன மாத ஜாடியிலிருந்தும் ஒரு பிடியைப் பக்கத்தில் கொட்டினார். அப்போதுதான் கை நின்றது. மச்சானுடையது கட்டைவிரல் தடிமனில், வருஷ வரிகள் அடுக்கடுக்காய், கல் போன்ற ஓடு. தன்னுடையது அரிசி அரிசியாய், ஊதினால் பறக்கும். பதினோரு வருஷமும் தன் ஜாடிகளில் எண்ணிக்கையை மட்டுமே பார்த்திருக்கிறார். மற்ற ஜாடிகளையும் வரிசையாகத் திறந்தார். வெள்ளத்துக்குப் பின்பும் பெரியவை இரண்டு மூன்று இருந்தன. கப்பல் ஒவ்வொரு முறை சுரண்டிய பின்பும் குறைந்து, ஐந்தாம் வருஷத்தோடு ஒன்றுகூட இல்லை. படிவத்தில் மொத்தத்துக்குத்தான் கட்டம். எந்த வகை என்பதற்கு இல்லை. ஸ்கேலை வைத்து ஒரு கட்டம் போட்டார்.

மறுபடி போன்.

"மச்சான், எண்ணிக்கை அப்படியேதான் இருக்கு. குடியிருக்கிறவங்கதான் வேற."

"அப்ப நான் எண்ணுனது?"

"தப்பு மச்சான். அப்படித்தான் எழுதப்போறேன். நான் பாக்காம விட்டதையும் எழுதுவேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி ஒரு மூச்சு.

"எழுதித் தொலை" என்று மச்சான் வைத்துவிட்டார்.

சல்லடையார் போனைக் காதிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு எழுத உட்கார்ந்தார்.