மேல இருக்கிறதுக்கு மட்டும்

மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் சலவை ஆலை அது. இஸ்திரிப் பிரிவுக்கு அவள்தான் மூத்தவள். விரிப்புக்குக் கஞ்சி போடும் வேலையில் சேர்ந்ததால் எல்லோருக்கும் அவள் கஞ்சி அக்கா. அவளுக்குக் கீழே பதின்மூன்று பெண்கள். அவர்களுக்கு மேலே மேலாளர். பேச்சில் தேன் ஒழுகும் என்பதால், முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் சர்க்கரை.

ஆண்டுதோறும் சம்பள உயர்வு வரும்போது சர்க்கரை பெண்களை ஒவ்வொருத்தியாகத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிடுவார்.

"உனக்கு வருஷத்துக்கு ரெண்டு லட்சத்துத் தொண்ணூத்தி நாலாயிரம். மூணு லட்சம் வரைக்கும் வரி இல்லை. மாசம் ரெண்டாயிரம் ஏத்தினா மூணு லட்சத்துப் பதினெட்டாயிரம் ஆயிடும். மொத்தத்துக்கும் நூத்துக்குப் பத்து. முப்பத்தோராயிரத்து எண்ணூறு போச்சு. இருபத்திநாலாயிரம் வாங்கி முப்பத்தோராயிரம் கட்டுவியா? நாற்பத்தெட்டாயிரம் வாங்குற நானே வரி கட்டி அழறேன்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பிறகு ஒரு தாளை நீட்டுவார். இந்த ஆண்டு ஊதிய உயர்வு வேண்டாம் என்று சொந்த விருப்பத்தில் தெரிவிப்பதாக அதில் அச்சடித்திருக்கும். ஐந்து வருடம் அவள் கையெழுத்துப் போட்டாள். நன்றி சொல்லிவிட்டு, கையெழுத்துக்குப் பரிசாக அவர் கொடுத்த குடையோடு வெளியே வந்தாள். மூன்றாம் வருடம் மகளின் படிப்புக்குப் பதினெட்டாயிரம் கட்ட வழியில்லை. பாதியில் நின்ற பெண் இப்போது செருப்புக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறாள்.

உண்மையைச் சொன்னது நாத்தனார்தான். தணிக்கையாளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசிக்கொள்ளும் உறவு. ஒரு வீட்டு விசேஷத்தில், தான் வரியில் சிக்காமல் தப்பித்த சாமர்த்தியத்தைக் கஞ்சி அக்கா பெருமையாகச் சொல்ல, நாத்தனார் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யார் அண்ணி இப்படிச் சொன்னது? எவ்வளவு சம்பாதிச்சாலும் முதல் மூணு லட்சத்துக்கு வரி கிடையாது. மேல இருக்கிற பதினெட்டாயிரத்துக்குத்தான் பத்து. ஆயிரத்து எண்ணூறு கட்டிட்டா மிச்சம் இருபத்திரெண்டாயிரத்து இருநூறு உங்க கையில நிக்கும்."

கஞ்சி அக்கா அழவில்லை. மகளின் பதினெட்டாயிரம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும் என்பது தெரிந்ததும் உள்ளுக்குள் நெருப்புப் பற்றிக்கொண்டது.

"நாளைக்கே முதலாளியம்மாகிட்ட மனு குடுங்க. ஆற விட்டா பழங்கஞ்சிதான்," என்றாள் நாத்தனார்.

"மனு குடுத்தா, எனக்கும் அப்படித்தான் புரிஞ்சுதுன்னு சிரிச்சிட்டுப் போயிடுவான். தெரிஞ்சே சொன்னான்னு அவன் வாயாலயே வரணும். நீ எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் குடு."

நாலு மாதம், விடுமுறை நாள் தவறாமல், நாத்தனார் வீட்டுக்குப் போனாள். வருமானத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய வரியைப் போட்டுக் கூட்டப் பழகினாள். பதின்மூன்று பேருக்கும் போட்டுக் காட்டினாள். ஒருத்தியும் வெளியே மூச்சு விடவில்லை.

ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். சம்பளச் செலவைக் கட்டுக்குள் வைத்ததற்காக மேலாளருக்கு நாற்பதாயிரம் வெகுமதி. அன்றைக்கே அவள் ஒரு கடிதம் தயார் செய்தாள்.

கூட்டம் இஸ்திரிக் கூடத்தில்தான் நடந்தது. முதலாளியம்மா வெகுமதி உறையைக் கையில் எடுத்ததும் கஞ்சி அக்கா எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்மா. சார் எங்க மேல அக்கறையா இருந்த மாதிரி நாங்களும் இருக்கணும்ல? சாருக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சத்து எழுபத்தாறாயிரம். இதையும் சேர்த்தா ஆறு லட்சத்துப் பதினாறாயிரம். ஆறைத் தாண்டினா நூத்துக்கு இருபதாமே. ஐம்பத்தேழாயிரத்து அறுநூறு கட்டுறவர் ஒரு லட்சத்து இருபத்துமூவாயிரத்து இருநூறு கட்டணும். நாற்பதாயிரம் வாங்கப் போய் கைக்காசு இருபத்தஞ்சாயிரம் போயிடும். அதனால, வேண்டாம்னு நாங்களே எழுதிக் கொண்டு வந்துட்டோம். சார் கையெழுத்துப் போட்டா போதும்."

சர்க்கரை சிரித்தார். "அது அப்படி இல்லம்மா. ஆறுக்கு மேல இருக்கிற பதினாறாயிரத்துக்கு மட்டும்தான் இருபது. கீழ இருக்கிறதை யாரும் தொட மாட்டாங்க."

"மேல இருக்கிறதுக்கு மட்டுமா சார்?"

அவர் முகம் வெளிறியது. பதின்மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது?" என்றார் முதலாளியம்மா.

"உங்க ஃபைல்ல எங்க கடிதம் எழுபது இருக்கும்மா. எழுபதுலயும் ஒரே வாசகம். மூணு லட்சத்தைத் தாண்டினா மொத்தத்துக்கும் வரின்னு எங்ககிட்ட சொல்லித்தான் சார் அதையெல்லாம் வாங்கினார்."

உறை கைப்பைக்குள் திரும்பிப் போனது. அந்த மாதத்திலிருந்து பெண்களுக்குச் சம்பளம் உயர்ந்தது. போன வருடங்களுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை, கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றார் முதலாளியம்மா. சர்க்கரையை வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மறுபடி படிக்கப் போகிறாயா என்று மகளிடம் கேட்டாள். "இனிமே போய் சின்னப் பிள்ளைங்களோட உக்காரவா? விடும்மா," என்றாள் அவள். அந்த 'விடும்மா'வுக்குப் பிறகு கஞ்சி அக்காவின் நெருப்பு இன்னும் உயர்ந்தது.

ஆறு வாரம் கழித்து சர்க்கரை இஸ்திரிக் கூடத்துக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"புது இடத்துல விசாரிக்கறாங்கம்மா. வரிக் கணக்கை உங்களுக்கெல்லாம் சரியா விளக்கினேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"இன்னும் விளக்கலையே சார். விளக்குங்க, எழுதித் தரேன்."

ஆவி அடிக்கும் இயந்திரங்களுக்கு நடுவே, கையில் பென்சிலோடு, பதின்மூன்று பேரிடமும் தனித்தனியாக நின்று சொன்னார். ஒருத்தி புரியவில்லை என்று மூன்று முறை சொல்ல வைத்தாள். கடைசியாகக் கஞ்சி அக்காவிடம் வந்தபோது அவர் குரல் கம்மிவிட்டது.

அவள் கேட்டபடியே எழுதினாள். வரிக் கணக்கை மேலாளர் எங்களுக்குச் சரியாக விளக்கினார். கீழே கையெழுத்தும் அன்றைய தேதியும் போட்டு, அவர் விளக்கியது இதுவே முதல் முறை என்றும் சேர்த்தாள்.

அவர் படித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவள் அடுத்த விரிப்பை எடுத்து இஸ்திரி உருளையில் கொடுத்தாள். கொஞ்சமாவது இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.