கோழிகளுக்கு ஒரு சட்டி கஞ்சி

மறுபடியும் எழும்பப்போன புஸ்பவதியை அவளுடைய சுவெற்றரின் கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள் கணவரின் அக்கா கமலநாயகி.

"எங்க போறாய்? ஆக்கள் வாற நேரம்."

"ஜன்னலால ஒருக்காப் பாக்கத்தான் மச்சாள்."

"அங்க என்ன இருக்கு? அந்தக் கோழியள்தானே!"

ஓம், அந்தக் கோழிகள்தான். புஸ்பவதியின் கணவர் மகேந்திரராஜா வளர்த்தவை. வியாழக்கிழமை காலை கூட்டடியில் விழுந்தவர், அம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். ஜெர்மனியில் செத்தவருக்கும் தெர்மின் என்று முன்கூட்டியே நேரம் பதிய வேண்டும். எரியூட்ட அடுத்த புதன்கிழமைதான் இடம் கிடைத்தது. அதுவரை அவர் எங்கோ ஒரு குளிரறையில் கிடக்க, வீட்டில் செத்தவீடு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

பிரேதம் போகும்வரை அடுப்பு எரிக்கக்கூடாது. ஊரில் என்றால் பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இங்கே அது ஒரு கிழமைக்கு இழுபட்டது. மின்சார அடுப்புத்தானே என்று மகள் கவிசா மாமி கமலநாயகியிடம் கேட்டுப் பார்த்தாள். "கரண்டெண்டாலும் அடுப்பு அடுப்புத்தான்" என்று தீர்ப்பு வந்தது. தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் மட்டும் அடுப்பில் சேராது என்று தீர்த்ததும் கமலநாயகிதான். தேத்தண்ணி இல்லாமல் அவளால் அரை நாள் இருக்க ஏலாது.

கோவில் சனம் முறைவைத்து இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தது. மனிதருக்குக் குறைவில்லை, கோழிகள்தான் பட்டினி கிடந்தன. இப்படிப் பனி இறுகும் நாட்களில் மகேந்திரராஜா இருட்டோடு எழும்பி, உருளைக்கிழங்குத் தோலும் தவிடும் அவித்து, ஆவி பறக்கக் கொண்டுபோய் வைப்பார். வயதுபோன கோழிகள் காய்ந்த தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கவிசா கேத்தலில் கொண்டுபோன சுடுதண்ணீர் கொஞ்ச நேரத்தில் உறைந்தது. மிஞ்சிய இடியப்பத்தைப் போட்டாள், அது கம்பியாகிக் கிடந்தது. இன்று காலை ஒரு கோழி விறைத்துச் செத்துப்போயிருந்தது. அதை மாமியின் கண்ணில் படாமல் பையில் சுற்றி வைத்துவிட்டு வந்து, "அம்மா, இன்னொண்டும் செட்டையை உப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு நிக்குது" என்று காதுக்குள் சொன்னாள்.

அதிலிருந்து புஸ்பவதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. உண்மையில் அவளுக்கும் கோழிகளுக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. குளிருக்குள் உங்களுக்கு வேறு வேலையில்லையோ என்று மனிசனைக் கரித்துக்கொட்டியவள்தான். இப்போது வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழ, அவள் அவர்களுடைய முதுகைத் தடவிவிட்டுக்கொண்டு பின் ஜன்னலைப் பார்த்தாள். அழுகை மட்டும் வரவேயில்லை. இதுகளையும் சாகக் கொடுத்தால் புதன்கிழமை அவருடைய முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயமாக இருந்தது.

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை வைக்கக் குனிந்த நேரம் எழும்பிக் குசினிக்குள் போனாள். சட்டியில் தண்ணீர் பிடித்து, உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, அடுப்பின் பொத்தானைத் திருப்பினாள்.

"புஸ்பம்!" கமலநாயகி வாசலில் நின்றாள். "அவன் இன்னும் போகேல்லை. அடுப்பு மூட்டுறியோ?"

"ஓம் மச்சாள்."

"சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். புதன்கிழமை வரைக்கும் அதுகள் தாங்காது."

"அதுகளாலதானே என்ரை தம்பி போனவன்! இந்தக் குளிருக்க வெளிய போகாட்டி இண்டைக்கு இருந்திருப்பான்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஆனா அவர் பட்டினியா விட்டிட்டுப் போகேல்லை மச்சாள். வச்சுக் குடுத்திட்டு, வெறும் சட்டியோட திரும்பேக்கதான் விழுந்தவர்."

தண்ணீர் கொதித்தது. புஸ்பவதி தவிட்டைக் கொட்டினாள். அவசரத்தில் அது கட்டிபட்டது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற கமலநாயகி கிட்ட வந்து, அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கிக் கிண்டத் தொடங்கினாள்.

"தம்பி உப்புப் போடுறவனோ?"

உப்புப் போத்தலை எடுத்த புஸ்பவதி அப்படியே நின்றாள். இத்தனை குளிர்காலமும் அவர் இதே அடுப்படியில்தான் நின்றவர். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சட்டிச் சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறாள்.

"தெரியாது மச்சாள்."

"என்ன?"

"நான் ஒருநாளும் எழும்பிவந்து பாக்கேல்லை."

அப்போதுதான் அழுகை வந்தது. அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். முன்னறையில் கதைச் சத்தம் நின்றது. கமலநாயகி அவளைத் தேற்றவில்லை, கிண்டுவதை நிறுத்தவுமில்லை. கஞ்சி இறுகியதும் அடுப்பை அணைத்தாள்.

"விடு. போடாமலே குடுப்பம்."

துவாயால் சட்டியைப் பிடித்துத் தூக்கினாள். "கதவைத் திற. ஆறப்போகுது."

புஸ்பவதி பின்கதவைத் திறந்தாள். கமலநாயகி வீட்டுச் செருப்போடேயே பனிக்குள் இறங்கிப் போனாள். சற்று நேரத்தில் கூட்டடியிலிருந்து, கோழிகளைக் கூப்பிடும் அவளுடைய அடைத்த குரல் கேட்டது.