சமையலறைக்குப் போகும் பாஸ்

எங்கள் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள விறாந்தையில் இயக்கம் ஆரம்பமானது. மொத்தம் ஏழு பேர். ஒரு மேசை கொண்டுவந்திருந்தார்கள். பொறுப்பாளரின் பெயர் இனியவன். இயக்கம் வைத்த பெயர்.

"அக்கா, சமையலறைக்குப் போறதெண்டா பாஸ் எடுக்கோணும்."

"எத்தினை நாளைக்கு?"

"விடுதலை கிடைக்குமட்டும்."

எடுத்தேன். பத்து எட்டு வைத்தால் போய்விடும் தூரம்தான்.

இயக்கம் வெல்ல வெல்ல விறாந்தை நீண்டது. முதல் மாதம் போய்வர ஒரு மணி நேரம் பிடித்தது. ஆறாம் மாதம் பஸ் விட்டார்கள். வழியில் நீதிமன்றம் வந்தது. உலை வைத்துவிட்டு முன்னறைக்கு ஒருதரம் வந்து திரும்பினால் சோறு குழைந்திருக்கும். யாரும் குறை சொல்லவில்லை. இவ்வளவு பெரிய விறாந்தை எங்களுடையது என்பதில் பெருமையும் இருந்தது.

ஒருநாள் தம்பி நேசராசா தேநீர் எடுத்துவரப் போனான். போன வழியில் இயக்கத்தில் சேர்ந்துவிட்டான். அவனது செருப்பை மேசையில் வைத்து என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

நாலாம் வருடம் விறாந்தை குறுகத் தொடங்கியது. காலையில் இருந்த பஸ் தரிப்பிடம் மத்தியானம் இல்லை. நீதிபதி சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் நின்று தீர்ப்புச் சொன்னார். மேசை ஒவ்வொரு நாளும் முன்னறையை நோக்கிப் பின்வாங்கியது. என்னால் உட்கார முடியவில்லை. திரும்பி வந்தவர்களில் தம்பி இருக்கிறானா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

கடைசியில் விறாந்தை இரண்டு எட்டு வைக்கும் தூரம்தான். அதில் மேசையும் இனியவனும் மட்டும்.

"தம்பி எங்க?"

"சண்டையில, முன்னரங்கில."

"முன்னரங்கு எங்க?"

அவர் சமையலறைக் கதவைக் காட்டினார். உள்ளே இராணுவம் கதிரை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"எனக்கொரு பாஸ் எழுதித் தாங்கோ அக்கா. என்ர கையெழுத்து எனக்குச் செல்லாது."

"வீட்டில வைச்ச பேர்?"

மேசையிலிருந்த பழைய பாஸ்களைப் புரட்டிப் பார்த்தார். "ஞாபகமில்லை."

தம்பியின் பெயரை எழுதினேன். அவனுடைய கட்டம் போட்ட சட்டையையும் கொடுத்தேன். இனியவன் அதை மாட்டிக்கொண்டு வாசலால் போனார். சட்டைக் கை அவருக்குச் சற்று நீளமாக இருந்தது.

மறுவாரம் காணாமல் போனவர்களைப் பதியும் இடத்தில் வரிசையில் நின்றேன். கிளாக்கர் பதிவேட்டைத் திருப்பினார்.

"நேசராசா. கட்டம் போட்ட சட்டை. செவ்வாய்க்கிழமை உயிரோட சோதனைச்சாவடியைக் கடந்து போயிருக்கிறார். பாஸ் எழுதினது நீங்கதானே?"

"ஓம்."

"அப்ப அவர் காணாமல் போகேல்லை. தேட ஏலாது."

"போனது வேற ஆள்."

"வேற ஆளெண்டா பேரைச் சொல்லுங்கோ."

அவருக்குப் பின்னால் நின்ற சிப்பாய் பேனா மூடியைக் கழற்றினான். எனக்குத் தெரிந்தது இயக்கம் வைத்த ஒரே ஒரு பெயர். அது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"தெரியாது," என்றேன்.

"அடுத்த ஆள்."

நான் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றேன்.